காலத்தைச் சுருக்கும் சோதனை

ஜெனீவாவுக்கு அருகே 'செர்ன்' ஆய்வு மையம் நிலத்துக்கடியில் அமைத்துள்ள துகள் முடுக்கியின் சுற்றளவு 27 கிலோமீட்டர். அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயிலுக்குச் சென்று திரும்பும் தொலைவுக்கு ஏறக்குறைய ஒப்பானது. அவ்வளையத்தில் எதிரெதிராக விரையும் புரோட்டான்கள் மோதும் இடங்களில் ஒன்றைச் சூழ்ந்து நிற்கும் 'சி.எம்.எஸ்.' கருவியில், சிதறும் துகள்களைப் பதிவு செய்யும் உணரிகள் அடுக்கடுக்காக உள்ளன. அவை எந்தக் கதிர்வீச்சை அளக்கின்றனவோ அதுவே அவற்றை நாளடைவில் சிதைக்கிறது. உள்ளே பொருத்திய பின்னரோ பல ஆண்டுகளுக்கு அவற்றை எளிதில் அணுக இயலாது.

அக்கருவியின் இரு முனைகளிலும் உள்ள மெல்லிய சிலிக்கான் உணரிகளில் ஏறத்தாழ 1,000 இந்தியாவில் உருவானவை. பாபா அணு ஆராய்ச்சி மையமும் டெல்லிப் பல்கலைக்கழகமும் ஈடுபட்ட அப்பணியில், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அவற்றைத் தயாரித்தது. பக்கத்துக்கு 6.3 சென்டிமீட்டரும் தடிமனில் 0.32 மில்லிமீட்டருமே உள்ள அத்தகடு, பத்தாண்டுகளில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கோடி கோடி நியூட்ரான்களின் தாக்குதலைத் தாங்க வேண்டும் என்று கணக்கிடப்பட்டிருந்தது.

நியூட்ரான் மோதும்போது படிகத்தில் ஒழுங்காக அமர்ந்திருக்கும் சிலிக்கான் அணு தன் இடத்தைவிட்டுத் தள்ளப்படுகிறது. வெற்றிடங்கள் பெருகப் பெருக, துகள் எதுவும் வராத போதும் உணரியில் ஓடும் 'கசிவு மின்னோட்டம்' உயர்ந்து, மெய்யான குறிப்பை மறைக்கிறது. வெப்பநிலையை ஏழு டிகிரி குறைத்தால் இக்கசிவு ஏறக்குறைய பாதியாகும் என்பதால், உணரிகள் உறைநிலைக்குக் கீழே குளிர்விக்கப்படுகின்றன.

இந்தத் தேய்மானத்தை முன்கூட்டியே அறிய, மாதிரி உணரிகளை அணு உலையின் நியூட்ரான்களுக்கோ புரோட்டான் கற்றைக்கோ உட்படுத்தி, பல ஆண்டுச் சேதத்தைக் குறுகிய காலத்தில் ஏற்படுத்துகிறார்கள். ஆனால் சேதத்தைச் சுருக்கலாமே தவிர, சேதத்துக்குப் பின் படிகத்தில் நிகழ்வதை அவ்வளவு எளிதாகச் சுருக்க இயலாது. இடம்பெயர்ந்த அணுக்கள் வெப்பத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதால், உணரியின் நிலை முதலில் ஓரளவு சீரடைந்து, பின்னர் மீண்டும் கெடுகிறது. ஆகவே, கதிர்வீச்சுக்குள்ளான மாதிரியை 60 டிகிரியில் 80 நிமிடம் சூடாக்கி, அறை வெப்பநிலையில் பல நாள் கழிந்ததற்கு இணையான நிலைக்குக் கொண்டுவந்து அளப்பது வழக்கமாகியுள்ளது. சோதனையின் நுட்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வாயு நிரப்பிய உணரிகளில் சிக்கல் வேறு வகையானது. மியுவான் துகள்களைக் காண உதவும் 'மின்தடைத் தகட்டு அறை'களில், ஆளிவிதை எண்ணெய் பூசிய பேக்கலைட் தகடுகளுக்கிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு ஓடுகிறது. இவ்வகை அறைகளைச் செய்வதில் இந்திய நிறுவனங்களுக்கும் பங்குண்டு. கதிர்வீச்சில் வாயு சிதைந்து, ஃபுளூரின் கலந்த அரிக்கும் பொருள்கள் தோன்றுவதால், கதிர்வீச்சை அளவுமீறி விரைவுபடுத்தினால் அவற்றை வெளியேற்றப் புதுவாயு போதாமல், இயல்பில் நேராத சேதமும் நேரலாம். 2015 முதல் செர்னில் இயங்கும் காமாக் கதிர்க்கூடத்தில், சீசியம்-137 மூலத்துக்கு எதிரே இவ்வறைகளை நிறுத்தி, காமாவுக்கிடையே மியுவான் கற்றையையும் செலுத்தி அவற்றின் திறனைச் சரிபார்க்கிறார்கள். அவசரம் காட்டாமல், ஆண்டுக்கணக்கில் அவை அங்கேயே வைக்கப்பட்டிருக்கின்றன.