வாங்கத் தெரியாத வைத்தியர்

கசப்பு மருந்தைக் குழந்தைகள் துப்பிவிடுவது சகஜம். மனோ வியாதிக்கோ, மருந்தில் பெரும் பகுதி வைத்தியருடைய பரிவுதான். அதையும் விழுங்க மாட்டாமல் தவிப்பவர்கள் உண்டு. இங்கிலாந்து தேசத்து ஹாரி கண்ட்ரிப் அத்தகையவர். இதில் விசித்திரம் என்னவென்றால், அவரே ஒரு மனோ வைத்தியர்! முன்பு பாதிரியாராயிருந்து, பின்னர் லீட்ஸ் நகரில் அநேகருடைய துயரங்களைக் கேட்டு ஆறுதல் அளித்தவர்.

அவருக்கு 3½ வயதாயிருக்கையில் தம்பி பெர்ஸி இறந்துபோனான். தாயின் மடியில் கிடந்த அந்தச் சிறு உடலைக் கண்டதும் இவரும் படுக்கையில் விழுந்தார். பிழைப்பதே அரிது என்றாகிவிட்டது. தாயின் சகோதரி வீட்டுக்கு அனுப்பிய பிறகே தேறினார். ஆனால் அந்தச் சம்பவம் மட்டும் அவர் நினைவிலிருந்து அடியோடு அழிந்துவிட்டது. பிற்பாடு தாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அந்த அம்மாள் 11 குழந்தைகள் இருந்த குடும்பத்தின் மூத்த மகள். உடன்பிறந்தோரை வளர்த்தே அலுத்துப் போனவளிடம் மகனுக்கென்று கனிவு அதிகம் மிஞ்சவில்லை.

1950-களில் எடின்பரோவில் ஃபேர்பேர்ன் என்னும் நிபுணரிடம் ஆயிரம் தடவைக்கு மேல் சென்று பார்த்தார். மறதித் திரை விலகவில்லை. 1962-இல் லண்டனுக்கு, டாக்டர் வின்னிகாட்டிடம் போனார். இவர் குழந்தை வைத்தியத்தில் பழுத்தவர்; இயல்பாகவே இதமானவர். அந்த இதத்தின் முன்னிலையில் கண்ட்ரிப் என்ன செய்தார்? ஓயாமல் பேசினார்! தாம் நிறுத்தினால் எதிரேயிருப்பவர் இல்லாமற் போய்விடுவார் என்ற பயம் உள்ளே இருந்தது. பரிவு கண்டால் யாரும் ஓடி வந்து ஏந்திக்கொள்வார்கள் என்று நாம் எண்ணுகிறோம். ஒரு தடவை கைவிடப்பட்ட குழந்தைக்கு அது அவ்வளவு சுலபமா?

ஒரு நாள் பேச்சு தானாகவே நின்றது. வின்னிகாட் அவசரப்படவில்லை. பிறகு, மௌனத்தைக் கைவிடப்படுதலாகவே அவர் உணர்வதையும், தாய் தம்மை மறந்திருந்த அந்தப் பழைய வெறுமையே இப்போது திரும்பியிருப்பதையும் எடுத்துச் சொன்னார். கொடுக்கத் தெரிந்த அளவுக்கு வாங்கத் தெரியாதவர் என்றும் அவரைப் பற்றி அபிப்பிராயப்பட்டார். 1968 வரையில் சுமார் 150 சந்திப்புகள் நடந்தன.

1971 ஜனவரியில் வின்னிகாட் காலமானார். செய்தி எட்டிய அன்றிரவே கண்ட்ரிப்புக்குக் கனவுகள் தொடங்கின. வாரக்கணக்கில் தொடர்ந்து, கடைசியில் ஒரு கனவில் முகமும் கைகளும் இல்லாத ஒரு ஸ்திரீயின் மடியில் பெர்ஸியைக் கண்டார். ஏறக்குறைய 70 வயதில் அதை நேருக்கு நேர் பார்க்கும் திடம் வந்தது, வின்னிகாட் தம்முள் ஒரு நல்ல தாயாகத் தங்கிவிட்டதனால்தான் என்று 1975-இல் வெளியான தமது கட்டுரையில் அவர் கருத்துத் தெரிவித்திருக்கிறார்.