வில்லன் கையிலிருந்த பேரேடு

ஒரு காலத்து மக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அவர்கள் பார்த்து மகிழ்ந்த கதைகளில் வரும் வில்லனைக் கவனித்தால் போதும். கதாநாயகன் மக்களின் ஆசையைக் காட்டுவான். வில்லனோ அவர்களுடைய அன்றாட அச்சத்தைக் காட்டுவான். பழங்கதைகளில் அரக்கனாகவும் கொடுங்கோல் மன்னனாகவும் வந்தவன், நம் நாட்டுத் திரைப்படங்களில் கணக்குப் பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லேவாதேவிக்காரனாக வந்தான்.

மெகபூப் கான் 1957இல் வெளியிட்ட ‘மதர் இந்தியா’ என்னும் இந்திப் படத்தை எடுத்துக்கொள்வோம். திருமணச் செலவுக்காக ஒரு விவசாயக் குடும்பம் சுகிலாலா என்பவரிடம் 500 ரூபாய் கடன் வாங்குகிறது. கடன் நிபந்தனை பற்றித் தகராறு எழும்போது ஊர்ப் பெரியவர்கள் லாலாவின் பக்கமே தீர்ப்புக் கூறுகின்றனர். விளைச்சலில் முக்கால் பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. அதே இயக்குநர் 1940இல் எடுத்த ‘ஔரத்’ என்ற படத்தின் கதைதான் இது. இரண்டிலும் சுகிலாலாவாக நடித்தவர் கன்னையாலால் என்னும் ஒரே நடிகர். இடையில் 17 ஆண்டுகள் கழிந்தன. நாடும் விடுதலை பெற்றது. வில்லனை மட்டும் மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை!

இது கதைக்காரரின் மிகைக் கற்பனை என்று சொல்வதற்கில்லை. 1951-52இல் ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில் நடைபெற்ற அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின்படி, விவசாயிகள் வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் ஏறத்தாழ 70 ரூபாய் வட்டிக்குக் கொடுப்போரிடமிருந்தே வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது 3 ரூபாய்ச் சொச்சமே. கொட்டகையில் அமர்ந்து லாலாவைச் சபித்தவர்களில் பலர், மறுநாள் காலையில் தத்தம் ஊர் லாலாவின் திண்ணையில் காத்து நிற்க வேண்டியவர்கள் அல்லவா?

தமிழிலும் இதற்கு உதாரணம் உண்டு. எம். ஜி. ஆர். நடித்து 1964இல் வெளிவந்த ‘படகோட்டி’யில், மீனவர்களின் இரு பிரிவினர் தமக்குள் சண்டையிடுகின்றனர், அச்சண்டையால் கொழுப்பவர் ஒரு செல்வர். உழைப்பவர்களுடைய பிளவே அவருக்கு முதலீடு.

இவ்வளவு தெளிவாக நோயைக் காட்டிய கண்ணாடி, மருந்தைக் காட்டும்போது சற்றே மங்கிவிடுகிறது. ‘மதர் இந்தியா’வில் பிர்ஜு என்னும் மகன் லாலாவைக் கொன்று பேரேடுகளைக் கொளுத்துகிறான்; இறுதியில் பெற்ற தாயின் துப்பாக்கிக்கே இரையாகிறான். பார்ப்பவர் நெஞ்சு உருகும். ஆனால் பேரேடு எரிந்ததனால் விதைக்கும் உரத்துக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் பணம் தேவைப்படுவது நின்றுவிடுமா? ஒரு லாலா போன இடத்தில் இன்னொரு லாலா வந்து அமர்வார்.

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் காட்டிய வழி வேறு. கடன் வாங்குபவரிடமே பேரேட்டை ஒப்படைப்பது அந்த வழி. அவ்வாண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. 1935இல் உருவான கோ-ஆப்டெக்ஸ், கைத்தறி நெசவாளரின் துணிக்குச் சந்தை தேடித் தந்தது. இவற்றைப் பற்றிக் கதாநாயகர்கள் பாடி ஆடவில்லை. பலர் கூடி வரவு செலவைக் கூட்டிப் பார்ப்பது படத்திற்கேற்ற காட்சியும் அன்று.

அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. லாலாவின் பலம் கத்தியில் இல்லை. மற்றவரால் படிக்க முடியாத கணக்கில் இருந்தது. கடன் மனுவில் வெற்றுத்தாளாகக் கையொப்பமிட்டுக் கொடுப்பதும், தணிக்கை அறிக்கையைக் கேளாமலே தீர்மானத்திற்குக் கை தூக்குவதும், நம் பெயரில் பிறர் கடன் வாங்க இடம் தருவதும் அந்தப் பேரேட்டை மீண்டும் எழுதத் தொடங்குவதாகும். கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை அதைத் தடுத்துவிடாது.

மகாசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, “இந்தச் செலவு எதற்காக?” என்று வினவும் அங்கத்தினருக்குக் கொட்டகையில் எழுவதுபோல் கைதட்டல் எழுவதில்லை. பின்வரிசையில் இருப்போர் சிலர் முகம் சுளிக்கவுங்கூடும். ஆயினும் சுகிலாலா உண்மையில் அஞ்சியிருக்கக்கூடிய மனிதர் அவர் ஒருவரே.