கேவலாரில் கேட்டது

வாரத்தில் மூன்று நாள் விரிவுரை, இரண்டு நாள் கடையில் வேலை, மிச்சம் ரயிலில். ஜெர்மனியில் படிக்கிற தமிழ்ப் பெடியள் பலரின் கதை இதுதான். கோயில் அம்மாவின் அலுவல்.

கேவலாருக்கும் நான் அம்மாவின் சாரதியாகத்தான் போனேன். ஆகஸ்ட் மாதத் தமிழர் யாத்திரைக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும். மடுவுக்குப் போறமாதிரி சைவக்காரரும் வருவினம். 1642 முதல் அங்கே வணங்குவது பெரிய சொரூபத்தை அல்ல, கையளவு காகிதப் படத்தை.

எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிறமாதிரி, மகனுக்கு விசா கேட்டா. வெட்கமே இல்லை. கம்பஸில் நாங்கள் ஒருவரிட்டையும் எதையும் கேட்பதில்லை. "எப்படி?" எண்டால் "நல்லம்". அப்பாவின் இருதய சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்த நேரம் அது. நண்பர்களுக்குக்கூடச் சொல்லாததை அங்கே சொன்னேன். அப்பா தேறிவிட்டார், அதுக்காகத்தான் நம்புறன் எண்டு நினைக்கவேண்டாம். கேட்கலாம் எண்டது பிடிபட்டது, அவ்வளவுதான்.

இப்ப ஞாயிறு மாலை மாணவர் பூசைக்குப் போறன். பிரசங்கம் ஜெர்மனில், செபம் மட்டும் எனக்குத் தமிழில்தான் வருது.

படிப்பு முடிந்து சம்பளம் வந்தால் திருச்சபை வரியும் பிடிப்பாங்கள். எங்கட மாநிலத்தில் வருமான வரியின் 9 வீதம். நீதிமன்றத்தில் போய்ப் பெயரை வெட்டச் சொல்லுகிறார்கள் நண்பர்கள். 2022இல் மட்டும் இங்கே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகினார்கள். சிறுவர் துஷ்பிரயோகங்களை மூடிமறைத்ததில் பலருக்குக் கோபம். நியாயமான கோபம், எனக்கும் உண்டு. ஆனாலும் நான் வெட்டமாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "எவ்வளவு பிடிப்பாங்கள், தம்பி?" எண்டு மட்டும் கேட்டா.