தாடைக்கு இடும் ஒட்டு
ஒட்டு என்றதும் தென்மராட்சியாராகிய எமக்கு மாங்கன்றே நினைவில் எழும். தாடையெலும்பில் இடும் ஒட்டோ வேறு வகையினது.

பல் நீங்கியதும் அதனைத் தாங்கிய எலும்பு கரைந்து தாழும். முதலாண்டிலேயே கரைவு மிகுதி. கட்டுப்பல் தளர்ந்தாடுவதும் இதனாலேயே. 1965இல் சுவீடனிற் பிரோனமார்க் என்பார் தாடையில் தைற்றேனிய ஆணி பதித்துப் பல் நிறுத்தும் முறையைத் தொடங்கினார். எலும்பு மெலிந்தவிடத்து அவ்வாணி நில்லாது. ஆதலின் நோயாளியின் மோவாயிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பெடுத்து அங்கு வைப்பர். பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளும் வழக்கிலுண்டு. சைவர்கள் முன்னரே வினவிக்கொள்க!

மாவிற் கட்டிய ஒட்டே வளர்ந்து காய்க்கும். இங்கோ இடுப்பெலும்புத் துண்டு கொழுகொம்புபோல் நின்று பின் மெல்லக் கரைய, தாடையினின்று புதிய எலும்பு வளர்ந்து அவ்விடத்தை நிரப்பும். அதற்குப் பல மாதங்கள் செல்லும். சுருட்டுப் புகைப்பின் ஒட்டுப் பிடியாமற் போதலும் உண்டு. பல் பிடுங்கும்போதே குழியில் எலும்புத் துகள் இட்டாற் கரைவு குறையும்.