நாளை விம்பிள்டன்: உலகின் முதல் நிலை இருவரும் இன்னும் தொடாத இறுதியாட்டம்

லண்டன், ஜூன் 29 – 2025-ஆம் ஆண்டுக்கான விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நாளை திங்கட்கிழமை தொடங்குகிறது. ஆண்கள் பிரிவின் முதல் நிலை ஆட்டக்காரர் இத்தாலியின் யானிக் சின்னர். பெண்கள் பிரிவில் அந்த இடம் பெலாரஸின் அரினா சபலென்காவுக்கு. இருவரும் தலா மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவர்கள். அந்த ஆறு பட்டங்களும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கடினத் தரையில் கிடைத்தவை. விம்பிள்டனில் இருவருமே இதுவரை இறுதியாட்டம் வரை வந்ததில்லை.

உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர்களுக்கே ஏன் இந்த நிலை? இந்த ஆண்டு கிண்ணம் யார் கைக்குப் போகும் என்று கணிப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும். விடை காலடியில் இருக்கிறது: புல்.

புல்தரை ஏன் வேறு?

நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் விம்பிள்டன் மட்டும்தான் இன்று புல்தரையில் நடக்கிறது. புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சீராக வெட்டி வைக்கிறார்கள். பிரெஞ்சுப் போட்டியின் செம்மண் தரையில் பந்து விழுந்ததும் வேகம் தணிந்து, தோள் உயரத்துக்கு எழும்பும். ஓடிப் போய் நின்று, கையை நன்றாக ஓங்கி அடிக்க நேரம் கிடைக்கும். புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். சில சமயம் முழங்கால் உயரத்துக்குக்கூட எழாது. யோசிக்கவும் நேரம் குறைவு, குனியவும் நேரம் குறைவு.

ஆகையால் புல்லில் மூன்று திறன்களுக்கு மதிப்பு கூடுகிறது. ஒன்று, எதிராளியால் தொட முடியாத சர்வீஸ். இரண்டு, தாழ்ந்து வரும் பந்தைக் குனிந்து எடுக்கும் லாவகம். மூன்று, வலையருகே சென்று மெதுவாகத் தட்டி விடும் கை. கடைக்கோட்டில் நின்றபடி மணிக்கணக்காகப் பந்தைத் திருப்பி அனுப்பும் ஆட்டத்துக்கு இங்கே பலன் குறைவு.

பழகுவதற்குக் காலமும் போதாது. பிரெஞ்சுப் போட்டி ஜூன் 8-இல்தான் முடிந்தது. இடையில் கிடைத்தது மூன்றே வாரம். முதல் சில நாட்களில் புல் பசுமையாக இருப்பதால் கால் வழுக்கும். பெரிய பெயர்கள் தொடக்கச் சுற்றுகளிலேயே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிக்கிற பந்தின் உட்கூடு ரப்பர். விம்பிள்டனுக்கு 1902 முதல் பந்து கொடுத்து வருவது ஸ்லேசெஞ்சர். 1959-இல் அந்நிறுவனத்தை வாங்கிய டன்லப், மலாயாவில் பெரிய ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தது. டன்லப் தோட்டம் என்றால் நம் பெரியவர்கள் பலருக்கு இன்றும் நினைவிருக்கும்.

ஆண்கள் பிரிவு: மூவர், மூன்று கணக்கு

கார்லோஸ் அல்கராஸ் (ஸ்பெயின், 22 வயது, 2-ஆம் நிலை): நடப்பு வெற்றியாளர். 2023, 2024 இரண்டு ஆண்டும் இறுதியாட்டத்தில் நோவாக் ஜோகோவிச்சை வீழ்த்திக் கிண்ணம் வென்றார். இந்த முறையும் வென்றால் தொடர்ந்து மூன்று பட்டம். 1968-இல் தொடங்கிய ஓபன் காலத்தில் ஆண்களில் அதைச் செய்தவர்கள் நால்வர் மட்டுமே: போர்க், சாம்ப்ராஸ், ஃபெடரர், ஜோகோவிச்.

ரோம், பாரிஸ், லண்டன் குவீன்ஸ் கிளப் ஆகிய மூன்று இடங்களிலும் அடுத்தடுத்துப் பட்டம் வென்று, தொடர்ச்சியாக 18 ஆட்டங்களில் வெற்றி என்ற கணக்குடன் அவர் வருகிறார். பலமாக அடிப்பது போல் கையை ஓங்கிவிட்டு, கடைசி நொடியில் வலைக்கு அருகில் பந்தைப் பொத்தென்று போடும் ‘டிராப் ஷாட்’ அவருடைய அடையாளம். புல்லில் அந்தப் பந்து எழாது. அதை எட்டிப் பிடிப்பது பெரும் பாடு. பலவீனம் என்று சொன்னால், சில ஆட்டங்களில் கவனம் சிதறி, எளிதாக வெல்ல வேண்டிய செட்டைக் கைவிடுவார்.

யானிக் சின்னர் (இத்தாலி, 23 வயது, 1-ஆம் நிலை): மூன்று வாரங்களுக்கு முன் பாரிஸில் நடந்ததை டென்னிஸ் பார்க்கும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சு இறுதியாட்டத்தில் அல்கராஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் வென்றார் சின்னர். நான்காவது செட்டில் மூன்று வெற்றிப் புள்ளிகள் அவர் முன் இருந்தன. ஒன்றைப் பிடித்திருந்தால் போதும், கிண்ணம் அவருடையது. மூன்றும் கைநழுவின. 5 மணி 29 நிமிடம் நீடித்த அந்த ஆட்டம், பிரெஞ்சுப் போட்டி வரலாற்றின் மிக நீண்ட இறுதியாட்டம். அல்கராஸ் 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என வென்றார்.

அதற்குப் பிறகு ஜெர்மனியின் ஹாலே நகரில் புல்தரையில் ஆடிய சின்னர், இரண்டாம் சுற்றிலேயே கஸகஸ்தானின் அலெக்சாண்டர் பூப்லிக்கிடம் தோற்றார். இதே ஆண்டு பிப்ரவரி முதல் மே தொடக்கம் வரை ஊக்கமருந்து விதிமீறலுக்காக மூன்று மாதத் தடையையும் அவர் அனுபவித்திருக்கிறார். வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்பதை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையே ஏற்றுக்கொண்டது.

இவருக்குப் புல் வராது என்று சொல்லிவிடவும் முடியாது. 2024-இல் ஹாலேயில் பட்டம் வென்றவர். 2023-இல் விம்பிள்டன் அரையிறுதி வரை வந்தவர். இன்னொரு தகவலும் உண்டு. அல்கராஸும் சின்னரும் புல்லில் மோதியது ஒரே ஒரு முறை, 2022 விம்பிள்டன் நான்காம் சுற்றில். அதில் வென்றவர் சின்னர்.

நோவாக் ஜோகோவிச் (செர்பியா, 38 வயது, 6-ஆம் நிலை): ஏழு முறை விம்பிள்டன் வென்றவர். மொத்தம் 24 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். இன்னும் ஒன்று கிடைத்தால் 25; ஆண், பெண் யாருமே எட்டாத எண்ணிக்கை அது. எட்டாவது விம்பிள்டன் பட்டமாகவும் அமைந்து, ஆண்கள் பிரிவில் ஃபெடரரின் சாதனையைச் சமன் செய்யும். 2018 முதல் நடந்த ஆறு விம்பிள்டன் போட்டிகளிலும் அவர் இறுதிக்கு வந்திருக்கிறார்.

ஆனால் உடல் ஒத்துழைக்க வேண்டும். ஜனவரியில் ஆஸ்திரேலிய அரையிறுதியில் காயத்தால் பாதியில் விலகினார். பாரிஸ் அரையிறுதியில் சின்னரிடம் நேர் செட்டுகளில் தோற்றார். இந்த முறையும் இருவரும் அட்டவணையின் ஒரே பாதியில் இருப்பதால், முன்னேறினால் அரையிறுதியிலேயே மோத வேண்டும். அதற்கு முன் காலிறுதியில் பிரிட்டனின் ஜாக் டிரேப்பர் எதிர்ப்படலாம். ஐந்து செட் ஆட்டங்களை அடுத்தடுத்து ஆடி மீள்வது 38 வயதில் எவருக்கும் எளிதில்லை. ஆயினும் நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் அவருக்கு அதிக வாய்ப்புள்ள இடம் எது என்று கேட்டால், இதுதான்.

டிரேப்பர் 4-ஆம் நிலை ஆட்டக்காரர். இடக்கை ஆட்டம், கனமான சர்வீஸ். 2016-இல் ஆண்டி மரே வென்ற பிறகு உள்ளூர்க்காரர் ஒருவருக்காகக் காத்திருக்கும் பிரிட்டன் ரசிகர்களின் எதிர்பார்ப்பு முழுதும் இவர் தோளில். ஆனால் விம்பிள்டனில் இரண்டாம் சுற்றை இவர் இன்னும் தாண்டவில்லை. அமெரிக்காவின் டெய்லர் ஃபிரிட்ஸ் இம்மாதம் ஸ்டுட்கார்ட், ஈஸ்ட்போர்ன் என இரண்டு புல்தரைப் பட்டங்களை வென்றிருக்கிறார். 3-ஆம் நிலையில் இருக்கும் ஜெர்மனியின் ஸ்வெரெவ் இங்கே நான்காம் சுற்றைத் தாண்டியதே இல்லை.

பெண்கள் பிரிவு: எட்டு போட்டி, எட்டு வெற்றியாளர்

2016-இல் செரீனா வில்லியம்ஸ் வென்ற பிறகு, வென்றவர் மறுபடி வென்றதில்லை. முகுருசா, கெர்பர், ஹாலெப், பார்ட்டி, ரிபாகினா, வொண்ட்ரூசோவா, கிரெஜிசிகோவா என ஆண்டுக்கு ஒரு புதுப் பெயர். செரீனாவையும் சேர்த்தால் எட்டு போட்டிகளில் எட்டு பேர். இவர்களில் வொண்ட்ரூசோவா 2023-இல் நிலைப்பட்டியலிலேயே இல்லாமல் வந்து வென்றவர். கிரெஜிசிகோவா கடந்த ஆண்டு 31-ஆம் நிலையிலிருந்து வென்றவர்.

அரினா சபலென்கா (1-ஆம் நிலை): இன்றைய பெண்கள் டென்னிஸில் மிக பலமாகப் பந்தை அடிப்பவர்களில் ஒருவர். விம்பிள்டனில் 2021, 2023 ஆண்டுகளில் அரையிறுதி வரை வந்தார். 2022-இல் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களுக்கு விதிக்கப்பட்ட தடையால் ஆட முடியவில்லை. கடந்த ஆண்டு தோள்பட்டைக் காயம். இந்த ஆண்டு ஆஸ்திரேலியா, பிரான்ஸ் இரண்டிலும் இறுதியில் தோற்றார். பாரிஸ் இறுதியில் அவர் தாமாகச் செய்த தவறுகள் மட்டும் 70. பலம் குறைவில்லை, நெருக்கடியில் பொறுமைதான் வேண்டும். மூன்றாம் சுற்றிலேயே வொண்ட்ரூசோவாவையோ பிரிட்டனின் எம்மா ராடுகானுவையோ அவர் சந்திக்க நேரலாம். இம்மாதம் பெர்லினில் சபலென்காவைத் தோற்கடித்துப் பட்டம் வென்றவர் அதே வொண்ட்ரூசோவா.

கோகோ காஃப் (அமெரிக்கா, 2-ஆம் நிலை): பாரிஸ் வெற்றியாளர். 2019-இல், 15 வயதில், இதே விம்பிள்டனில் வீனஸ் வில்லியம்ஸை வென்று உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். ஆனால் நான்காம் சுற்றைத் தாண்டியதில்லை. தாழ்ந்து வரும் பந்தில் அவருடைய ஃபோர்ஹேண்ட் தடுமாறுவதை எதிராளிகள் நன்கு அறிவார்கள்.

இகா ஸ்வியாதெக் (போலந்து, 8-ஆம் நிலை): ஐந்து கிராண்ட் ஸ்லாம் வென்றும் விம்பிள்டனில் காலிறுதிக்கு மேல் போகாதவர். ஓராண்டுக்கு மேலாகப் பட்டமே இல்லை. ஆனால் நேற்று ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க்கில் முதன்முறையாக ஒரு புல்தரை இறுதியாட்டத்தில் ஆடினார். அமெரிக்காவின் ஜெசிகா பெகுலாவிடம் தோற்றாலும், அவருக்குப் புல் பழகி வருகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. எதிர்பார்ப்புச் சுமை இல்லாமல் வரும் அவரைக் கணக்கில் எடுக்காமல் விடுவது ஆபத்து.

எலெனா ரிபாகினா (கஸகஸ்தான், 11-ஆம் நிலை): 2022 வெற்றியாளர். அலட்டிக்கொள்ளாத முகம், அசுர வேக சர்வீஸ். அந்த சர்வீஸ் கைகொடுக்கும் நாளில் புல்லில் இவரை வெல்வது கடினம்.

நம் வட்டாரத்திலிருந்து ஒருவர்

நடப்பு வெற்றியாளர் பார்போரா கிரெஜிசிகோவாவின் முதல் சுற்று எதிராளி, பிலிப்பீன்ஸின் அலெக்சாண்ட்ரா ஈலா. வயது 20. கடந்த மார்ச்சில் மியாமியில் ஒஸ்தாபென்கோ, கீஸ், ஸ்வியாதெக் என கிராண்ட் ஸ்லாம் வென்ற மூவரை அடுத்தடுத்து வீழ்த்தி அரையிறுதிக்கு வந்தவர். நேற்று ஈஸ்ட்போர்ன் இறுதியில் நான்கு வெற்றிப் புள்ளிகளைப் பெற்றும், மூன்றாவது செட் டை பிரேக்கரில் ஆஸ்திரேலியாவின் மாயா ஜாயின்ட்டிடம் தோற்றார். கிரெஜிசிகோவாவோ இந்த ஆண்டின் தொடக்க மாதங்களை முதுகுக் காயத்தில் இழந்தவர். கடந்த வாரம் தொடைவலியால் ஈஸ்ட்போர்னில் விலகியவர். தென்கிழக்காசியாவிலிருந்து ஒரு பெண் விம்பிள்டனின் மைய அரங்கில் நடப்பு வெற்றியாளரை எதிர்கொள்வது அடிக்கடி காணக்கூடிய காட்சியில்லை. செவ்வாய்க்கிழமை நடக்கும் இந்த ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

இதே புல்லில் தமிழர்கள்

சக்தியைவிடக் கைலாவகம் புல்லில் எடுபடும் என்பதற்கு நம்மவரே சாட்சி. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். பின்னர் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டும் அரையிறுதிக்கு வந்தார். முதல் முறை நீல் ஃபிரேசரிடமும், அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டு கிண்ணம் வென்றவர்கள். அவருடைய சர்வீஸில் வேகம் இல்லை. பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கும் கை இருந்தது. மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் இளையோர் பட்டமும், 1986-இல் காலிறுதியும் கண்டார். சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1973, 1981 ஆண்டுகளில் காலிறுதி வரை வந்தார்.

எப்போது பார்க்கலாம்?

மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி வெளி அரங்குகளில் மாலை 6 மணிக்கும், முதலாம் அரங்கில் இரவு 8 மணிக்கும், மைய அரங்கில் இரவு 8.30 மணிக்கும் ஆட்டங்கள் தொடங்கும். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர்களும் முதல் வாரத்தில் மாலை ஆட்டங்களைத் தூக்கம் கெடாமல் பார்க்கலாம். நாளை மைய அரங்கின் முதல் ஆட்டம், அல்கராஸ் – இத்தாலியின் ஃபாபியோ ஃபோக்னினி.

ஆண்கள் ஐந்து செட்டில் மூன்றையும், பெண்கள் மூன்று செட்டில் இரண்டையும் வெல்ல வேண்டும். கடைசி செட் 6-6 என்றானால், 10 புள்ளி டை பிரேக்கர். கிண்ணத்துக்கு ஏழு ஆட்டங்களை வென்றாக வேண்டும். ஒற்றையர் வெற்றியாளருக்குப் பரிசு 30 லட்சம் பவுண்டு, அதாவது 1 கோடியே 70 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல். முதல் சுற்றில் தோற்றவருக்கும் 66,000 பவுண்டு உண்டு.

கோட்டருகே நின்று ‘அவுட்’ என்று குரல் கொடுக்கும் நடுவர்களை இந்த ஆண்டு பார்க்க முடியாது. 147 ஆண்டு வழக்கம் முடிந்து, அந்த வேலை மின்னணுக் கருவிகளுக்குப் போய்விட்டது.

பெண்கள் இறுதியாட்டம் ஜூலை 12 சனிக்கிழமை, ஆண்கள் இறுதியாட்டம் ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் நம் நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கும். சின்னரும் சபலென்காவும் அந்த இரண்டு நாட்களில் முதன்முறையாக மைய அரங்குக்குள் வருவார்களா, அல்லது இந்த ஆண்டும் புல் அவர்களைத் திருப்பி அனுப்புமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.