ஹைதராபாத்தில் இரு தினங்கள்

அயலூரில் குடியேறிய தமிழர்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஊரிலிருந்து விருந்தாளி வரும் வரையில், தாம் வசிக்கும் நகரத்தைத் தாம் சுற்றிப் பார்ப்பதில்லை. ஏ.எஸ்.ராவ் நகர்வாசிகளான நாமும் அதற்கு விலக்கல்ல. டாக்டர் ஏ.எஸ். ராவ் அவர்களின் முயற்சியால் 1967-ல் தோன்றிய மின்னணுத் தொழிற்சாலையின் ஊழியர்களுக்கென எழுந்த இக்குடியிருப்பில், வீடு, வேலை, கடைத்தெரு என்றே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

சென்ற மாதம் கும்பகோணத்து நண்பர் ஒருவர் மனைவி, இரு குழந்தைகள், எழுபதைக் கடந்த தாயார் சகிதமாக வந்து சேர்ந்தார். சனி, ஞாயிறு இரு தினங்களே கையில் இருந்தன. ராமோஜி திரைப்பட நகருக்குப் போக வேண்டும் என்றனர் குழந்தைகள். முத்துக் கடைக்கு என்றார் நண்பரின் மனைவியார். பாட்டியம்மாளோ, "ராமதாஸரை அடைத்து வைத்த சிறை இந்த ஊரில்தானே இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அத்துடன் விவாதம் முடிந்தது.

கோல்கொண்டாக் கோட்டை நகரின் மறு கோடியில் இருக்கிறது. காகதீயர் காலத்தில் மண்கோட்டையாக இருந்ததைக் குதுப்ஷாஹி மன்னர்கள் கருங்கல்லால் எடுத்துக் கட்டினார்கள். நுழைவாயிலின் கவிமாடத்தின் கீழ் நின்று கைதட்டினால், அவ்வொலி மலை உச்சியிலுள்ள மண்டபத்தில் கேட்கிறது. பகைவர் வரவை அறிவிக்க அந்நாளில் செய்த ஏற்பாடு என்கிறார்கள். குழந்தைகள் இருவரும் கீழும் மேலுமாகப் பிரிந்து நின்று தட்டிய தட்டில், அவுரங்கசீப்பின் சேனையே மறுபடி வந்துவிட்டதோ என்று எண்ணும்படி ஆயிற்று.

பாட்டியம்மாளால் உச்சி வரை ஏற இயலவில்லை. சிறை நடுவழியிலேயே இருந்தது நல்லதாயிற்று. பால்வஞ்சாவில் தாசில்தாராக இருந்த கஞ்சர்ல கோபண்ணா, அரசாங்க வரிப்பணத்தைச் செலவிட்டுப் பத்ராசலத்தில் ராமர் கோயிலைக் கட்டியதற்காக ஏறக்குறைய 12 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார் என்பது வழிவழிச் செய்தி. பத்ராசல ராமதாஸர் என்று நாம் வணங்குபவர் அவரே. உயர்ந்த சுவர்கள், மேலே ஒரு துவாரத்தின் வழியாகச் சிறிது வெளிச்சம், சுவரில் அவரே செதுக்கியதாகச் சொல்லப்படும் ராமர், லக்ஷ்மணர், அனுமார் உருவங்கள். கும்பகோணத்துப் பஜனை மடத்தில் ஐம்பது ஆண்டுகளாக அவருடைய கீர்த்தனங்களைப் பாடி வந்தவர் அந்த அம்மாள். பாட்டின் பொருள் முழுதும் தெரியாது. தெலுங்கும் பேச வராது. அங்கே சுவரோரமாக உட்கார்ந்து, பிறர் காதில் விழாத குரலில் ஒரு கீர்த்தனத்தைப் பாடி முடித்தார். பக்கத்தில் நின்ற தெலுங்குப் பெண்மணி ஒருவர் இரண்டாவது அடியிலிருந்து சேர்ந்துகொண்டார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, பேசப் பொது மொழியும் இல்லை. வெகு நேரம் கைகோத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். நாம் அவசரப்படுத்தவில்லை.

அவரைச் சிறையிட்ட சுல்தான் அபுல் ஹசன் தானாஷாவின் கதையும் சாமானியமானதல்ல. அக்கண்ணா, மாதண்ணா என்ற இரு சகோதரர்களை மந்திரிகளாக வைத்துக்கொண்டு ஆண்டவர் அவர். 1677-ல் சத்ரபதி சிவாஜி இங்கு வந்து இவருடன் உடன்படிக்கை செய்துகொண்டுதான், தெற்கே சென்று நமது செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். சென்னைப் பட்டினமும் அக்காலத்தில் கோல்கொண்டாவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. ஜார்ஜ் கோட்டைக் கும்பினியார் இந்தச் சுல்தானுக்கே ஆண்டுதோறும் குத்தகைப் பணம் செலுத்தினார்கள். 1687-ல் அவுரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. கைக்கூலி பெற்ற அதிகாரி ஒருவன் இரவில் கதவைத் திறந்துவிட்டதால்தான் விழுந்தது. தானாஷா தௌலதாபாத்துக்குக் கொண்டு போகப்பட்டுச் சிறையிலேயே மாண்டார். இதைச் சொன்னபோது பாட்டியம்மாள், "ஐயோ பாவம், அவருமா?" என்றார். ராமதாஸரைச் சிறையிட்டவர் மீது அதற்குள் அவருக்குப் பரிதாபம் பிறந்துவிட்டது!

பிற்பகலில் ஸாலார் ஜங் காட்சிசாலை. 1951-ல் பண்டித நேரு திறந்து வைத்தது. 1968-ல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி வடித்த முக்காடிட்ட ரெபெக்காவைப் பார்த்தவர்கள், பளிங்கில் மெல்லிய துணியை எப்படிச் செதுக்கினார் என்று வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் கூட்டம் என்னவோ மணிக்கொரு தரம் பொம்மை வெளிவந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன்னால்தான்!

மூசி ஆற்றின் அக்கரையில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு புளிய மரம் நிற்கிறது. வழிகாட்டிகள் அதைக் காட்டுவது அபூர்வம். 1908 செப்டம்பர் 28-ல் மூசியில் வந்த வெள்ளம் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அன்று இம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய 150 பேர் உயிர் பிழைத்தார்கள். அதன் பின்னரே விசுவேசுவரய்யாவை அழைத்து யோசனை கேட்டு, உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். புளிய மரத்தில் பேய் குடியிருக்கும் என்று நம் ஊரில் குழந்தைகளைப் பயமுறுத்துவோம். நண்பரின் மகன் அம்மரத்தை மூன்று முறை சுற்றி வந்தான்.

அந்தி வேளையில் சார்மினார். 1591-ல் முகம்மது குலி குதுப்ஷா எழுப்பியது. அருகே லாட் பஜாரில் நண்பரின் மனைவியார் தமிழிலும் கடைக்காரர் உருதுவிலும் பேரம் பேசி, இருவருமே தாம் ஜெயித்ததாக எண்ணிப் பிரிந்தார்கள்.

ஞாயிறு காலை செகந்தராபாத் ஸ்கந்தகிரி முருகன் சந்நிதியில் தமிழ்க் குரல்களைக் கேட்டபோது நண்பருக்கு வியப்பு. 1806-ல் ஏற்பட்ட இந்தப் பாளையப் பகுதியில் தமிழர் குடியிருப்பு மிகப் பழமையானது. கோயில் இருக்கும் பத்மாராவ் நகரே திவான் பகதூர் பத்மாராவ் முதலியார் பெயரைத் தாங்கியதுதான் என்றோம். "அப்படியானால் நீங்கள் புதிதாகக் குடிவந்தவர்கள் அல்லவே!" என்றார்.

மாலையில் ஹுசேன் சாகர் ஏரி. நடுவே நிற்கும் ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள புத்தர், கணபதி ஸ்தபதியின் தலைமையில் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவர். 1990 மார்ச்சில் ஏரி வழியே கொண்டு செல்லும்போது மிதவை சாய்ந்து சிலை மூழ்கியது. உடன் சென்றோரில் பலர் உயிரிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீரடியில் கிடந்து, 1992 டிசம்பரில் சேதமின்றி எடுத்து நிறுத்தப்பட்டது. படகில் அருகே சென்று அண்ணாந்து பார்த்தபோது, தண்ணீருக்குள் அத்தனை நாள் தனியாக இருந்தாரா என்று கேட்டாள் நண்பரின் சிறு பெண்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோல்கொண்டாவுக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். முதியோர் உடன் வந்தால் சிறை வரை ஏறினால் போதும். கையில் தண்ணீர் அவசியம்.