உஷார்! நெஞ்சில் குழந்தை, முன்னால் புக்கிட் தீமா!

அம்மாக்களே, அப்பாக்களே, ஒரு நிமிடம்! ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கேரியரில் மாட்டிக்கொண்டு சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலையில் ஏறக் கிளம்புகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

"164 மீட்டர்தானே, இதெல்லாம் ஒரு மலையா?" என்று சிரிப்பார்கள். லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை ரயிலேறி பியூட்டி வோர்ல்டில் இறங்கினால் வந்துவிடுகிறது. அந்த அலட்சியம்தான் ஆபத்து! ஊட்டியில் பிள்ளைக்குக் குளிருமே என்று பயப்படுவோம். இங்கே வெக்கைதான் எமன். மரநிழலை நம்பி ஏமாறாதீர்கள். ஈரக்காற்றில் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது.

தேக்கா பக்கம் குடியிருக்கும் ஓர் இளம் தம்பதிக்கு நடந்ததைக் கேளுங்கள். ஏழு மாதக் குழந்தை. பத்து மணிக்கு மேல் ஏறத் தொடங்கினார்கள். அப்பாவின் நெஞ்சோடு பிள்ளை. வெயில் படக்கூடாதென்று மேலே ஒரு துப்பட்டா. பாதி ஏற்றத்தில் சிணுங்கல் நின்றது. "அப்பாடா, தூங்கிட்டான்" என்று வேகமாக ஏறினார்கள். உச்சியில் படமெடுக்கத் துணியை விலக்கினால், முகம் செக்கச்செவேல். பிடரி கொதித்தது. பால் கொடுத்தால் உறிஞ்சவில்லை. தலை துவண்டு சரிந்தது. நல்லவேளை, அங்கே இருந்தவர்கள் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, விசிறி, ஆம்புலன்ஸை அழைத்தார்கள். பிள்ளை தேறிவிட்டது.

சத்தம் இல்லையா? தூக்கம் என்று நினைக்காதீர்கள்!

ஏறுகிற உங்கள் உடம்பு அனலாகிறது. அந்த அனலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது பிள்ளை. மேலே துணியைப் போர்த்தினால் காற்றும் போச்சு. தொப்பி போதும், போர்வை வேண்டாம்! அடிக்கடி நின்று பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கைகால் சில்லென்று இருப்பதை நம்பாதீர்கள். கண்ணீர் வராத அழுகை, நெடுநேரம் நனையாத டயப்பர், குழிவிழுந்த உச்சிக்குழி, வாந்தி, பால் மறுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே திரும்புங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள்; பாலை அடிக்கடி கொடுங்கள்.

தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும்! தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படவேண்டும். முதுகில் மாட்டும் சட்டக் கேரியர், தானாக உட்காரத் தெரியாத பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. நெஞ்சில் பிள்ளை இருந்தால் உங்கள் காலடி உங்களுக்கே தெரியாது. மழையில் நனைந்த படிகளில் வழுக்கினால் முதலில் அடிபடுவது யார்? கேரியரில் பிளாஸ்டிக் பையையும் தொங்கவிடாதீர்கள். குரங்குகள் பாய்ந்து பிடுங்கும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

மலை இருக்கும் வனக்காப்பகம் காலை 7 மணிக்குத் திறக்கும். திறந்ததும் ஏறி, 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். கிளம்புமுன் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். 'மிதம்' என்று காட்டினாலே கைக்குழந்தையோடு போகவேண்டாம் என்பேன். அன்றைக்குக் குளிரூட்டிய கடைத்தொகுதியே மேல்!

பிள்ளை துவண்டால், நிற்கும் இடத்திலிருந்தே 995-ஐ அழையுங்கள். இறங்கி வந்து டாக்சி தேடாதீர்கள்!